எடைக்குப் போகும் முன்பு ஓர் ஆயில் இன்ஜின்

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் பாலுசெட்டிசத்திரம். அங்கிருந்து தெற்கே திரும்பினால் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது ஊரின் நம்பிக்கை. விஜயராகவப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் கோயிலையும் ஜடாயு தீர்த்தத்தையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் வயல் பக்கமும் போய்ப் பார்க்கலாம். இங்கிருந்து வாலாஜாபாத், உத்திரமேரூர் வரை எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். கல் கட்டிய கிணறு, பக்கத்தில் ஓடு சரிந்த சின்னக் கொட்டகை, உள்ளே சிமென்ட் திட்டில் நான்கு போல்ட்டில் இறுகி நிற்கும் ஓர் ஆயில் இன்ஜின். அதன்மேல் உர மூட்டை அடுக்கியிருக்கும், இல்லையென்றால் கோழி அடை கிடக்கும். எப்போது கடைசியாக ஓடியது என்று கேட்டால், "கரன்ட் சர்வீஸ் வந்ததும் நிறுத்தினதுதான்" என்பார்கள்.

அந்த இன்ஜின்கள் வேகமாகக் குறைந்துவருகின்றன. காயலான் கடைக்காரர் மினி வேனோடு வருவார், எடைக்கு ஒரு விலை சொல்வார். முழுதாகத் தூக்க ஆள் போதாதபோது சம்மட்டியால் ஃப்ளைவீலை உடைத்துத் துண்டு துண்டாக ஏற்றுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அது அவர் தொழில். விற்கிறவருக்கும் கொட்டகையில் இடம் வேண்டியிருக்கிறது. நடுவில் மூன்றாவதாக ஓர் ஆள் வர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வேண்டுகோள். எடைக்குப் போக இருக்கும் இன்ஜினை வாங்கி, திறந்து, துடைத்து, மறுபடியும் ஓடவைத்துப் பார்க்கிற ஆசை உள்ளவர். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

கனடாவிலும் ஸ்வீடனிலும் காட்டை ஒட்டிய ஊர்களில் பழைய செயின்சாக்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் உண்டு. மரம் அறுத்து வாழ்ந்த ஊர்களுக்கு அந்த இயந்திரம்தான் பாட்டன் சொத்து. இங்கிலாந்தில் ஆயில் இன்ஜின்களையே வாரக்கடைசியில் மைதானத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக ஓடவிடும் கூட்டங்கள் நடக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கூல்ஸ்பிரிங் என்ற சிற்றூரில் 1985 முதல் பழைய இன்ஜின்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. நம் மண்ணில் இந்த ஆசை வந்தால் அது முதலில் போய் நிற்கவேண்டிய இடம் கிணற்று மேடு. ஏரியும் கிணறும்தான் இந்த மாவட்டத்தின் விவசாயம். சம்பாவுக்கு ஏரித் தண்ணீர் போதும். நவரையும் சொர்ணவாரியும் கிணற்றை நம்பித்தான். ஏரி வற்றிய பிறகும் பச்சை நின்றதென்றால் அதற்குப் பின்னால் ஓர் இன்ஜினின் சத்தம் இருந்தது.

அதற்கு முன்னால் மனிதர்களும் மாடுகளும் இருந்தார்கள். ஏற்ற மரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடக்க, கீழே ஒருவர் சால் பிடித்து இறைக்க, எத்தனை சால் என்று எண்ணுவதற்கே பாட்டு வேண்டியிருந்தது. ஆழமான கிணற்றில் கவலை; இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி ஏறி நாள் முழுக்க இழுக்கும். இந்த உழைப்பைப் பார்த்து, இதற்கு இயந்திரம் வைக்க முடியாதா என்று விடாமல் முயன்றவர் ஆல்ஃபிரட் சேட்டர்டன். 1888-இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர். நம் வீடுகளில் அலுமினியப் பாத்திரம் நுழைந்ததற்கும் சென்னையில் அவர் நடத்திய பட்டறைதான் தொடக்கம். இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் சென்னை மாகாணத்துக் கிணறுகளில் ஆயில் இன்ஜினையும் சென்ட்ரிஃபியூகல் பம்பையும் பொருத்திச் சோதித்தார். எந்தக் கிணறு எவ்வளவு ஊறும், எந்த அளவு இன்ஜின் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டார். கிணற்றிலிருந்து நீர் இறைப்பதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 1908-இல் மாகாணத் தொழில்துறைக்கு அவரே இயக்குநர். அரசாங்கம் தொழில் நடத்தக்கூடாது என்று லண்டனில் இந்திய அமைச்சராக இருந்த மார்லி 1910-இல் அந்தத் துறையையே நிறுத்தினார். ஆனால் கிணற்றில் இன்ஜின் வைக்கும் வேலை நிற்கவில்லை. விவசாயிகள் அதைத் தொடர்ந்து கேட்டார்கள். நம் கொட்டகைகளில் துருப்பிடித்து நிற்பவை அந்தக் கதையின் கடைசிப் பக்கங்கள். அதனால்தான் அவற்றை வெறும் இரும்பாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

டீசல் இன்ஜினுக்கும் நம் பக்கத்துப் பயிருக்கும் இன்னொரு உறவும் உண்டு. ருடால்ஃப் டீசலின் இன்ஜின் 1897-இல் வெற்றிகரமாக ஓடியது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அந்த வகை இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. வேர்க்கடலை விளைகிற நாட்டவர் தங்கள் எண்ணெயிலேயே இயந்திரம் ஓட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை டீசல் இன்ஜினோடு கூடவே பிறந்தது. உத்திரமேரூர் பக்கம் மானாவாரிக் கடலை போட்டவர்கள் டீசலுக்கு கேனைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு அலைந்ததை நினைத்தால் இந்தச் செய்தி மனத்தில் தங்கிவிடுகிறது. (சுத்திகரிக்காத கெட்டி எண்ணெயைச் சும்மா டேங்கில் ஊற்றிப் பார்த்துவிடாதீர்கள், இன்ஜினுக்குள் அதைப் பீய்ச்சும் நாசில் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும்.)

இந்தியாவில் டீசல் இன்ஜின் செய்வதை 1933-இல் மகாராஷ்டிரத்தின் சதாராவில் கூப்பர் நிறுவனம் தொடங்கிவைத்தது. 1946-இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் பிறந்தது. பசுமைப் புரட்சிக் காலத்தில் கிணறு வெட்டக் கடனும் இன்ஜின் வாங்கக் கடனும் கிடைத்தபோது கிராமம் கிராமமாக இறங்கியவை பெரும்பாலும் இரண்டே குடும்பங்களைச் சேர்ந்தவை. புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதைத்தான்.

ஒன்று, லிஸ்டர் வகை. இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்து 1987 வரை செய்த சி.எஸ். இன்ஜின்தான் மூலம். இரண்டு பக்கமும் இரண்டு பெரிய ஃப்ளைவீல், நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒற்றை சிலிண்டர். ஆறு குதிரைத் திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும் என்பதால் நிமிடத்துக்கு 325 வெடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்துக்கும் சற்று மேல். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிற அளவு நிதானம். முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. லிஸ்டரைப் பார்த்து ராஜ்கோட்டின் பட்டறைகள் அதே அளவில் இன்ஜின் செய்தன. அந்த இந்திய லிஸ்டர்களை 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் தனி வீட்டுக்கு மின்சாரம் செய்துகொள்ள ஆசைப்பட்டவர்கள் தேடி இறக்குமதி செய்தார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து அதை நிறுத்தின. நம் கிணற்று மேட்டில் எடைக்குப் போவதற்குக் கடல் தாண்டி ஆள் காத்திருந்தது.

இரண்டாவது, கடைக்காரர்கள் 'பீட்டர் டைப்' என்று சொல்வது. இங்கிலாந்தின் பெட்டர் இன்ஜின் வடிவம். கிர்லோஸ்கர் ஏ.வி.1 இந்தக் குடும்பம்தான்: 80 மில்லிமீட்டர் போர், 110 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 553 சி.சி., நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஐந்து குதிரைத் திறன். லிஸ்டரைவிடச் சிறியது, வேகமானது, எடை குறைவு. கிணற்றுக்குக் கிணறு மாட்டுவண்டியில் தூக்கிப்போக முடிந்தது. காஞ்சிபுரம் பக்கம் உங்கள் கைக்கு முதலில் கிடைக்கப்போவது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். முதல் இன்ஜினாக இதைத்தான் நான் சொல்வேன். இரண்டு பேர் சேர்ந்தால் நகர்த்தலாம். பிஸ்டன், ரிங், நாசில், கேஸ்கெட் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பாகம் கிடைக்காத அபூர்வ இன்ஜினோடு தொடங்குகிறவரின் ஆர்வம் பாதியில் வடிந்துவிடும்.

இந்த இன்ஜின்கள் நின்றுபோன காரணமும் சேகரிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எந்த நிலையில் நிறுத்தினார்கள் என்பதை அது சொல்லிவிடும். தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. காசு கொடுத்து டீசல் வாங்க யார் முன்வருவார்கள்? சர்வீஸ் கிடைத்த அன்றே இன்ஜின் ஓய்ந்தது. விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் மட்டும் தொடர்ந்து ஓட்டினார்கள். இன்னொரு காரணம் தண்ணீர். மேலே இருந்து உறிஞ்சும் பம்பு, காற்றழுத்தத்தின் உதவியால்தான் தண்ணீரைத் தூக்குகிறது. கணக்குப்படி பத்து மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் உறிஞ்ச முடியாது. நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளேயே திட்டுக் கட்டி இன்ஜினை இறக்கினார்கள். புகை வெளியேற வழியில்லாமல் கிணற்றுக்குள் மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு. அதன்பிறகு ஆழ்துளைக் கிணறும் சப்மெர்சிபிளும் வந்து, உறிஞ்சும் பம்புக்கே வேலை இல்லாமல் போயிற்று. ஆக, நம் பக்கத்து இன்ஜின்களில் பல, கெட்டுப்போய் நின்றவை அல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே நிறுத்தப்பட்டவை. இது பெரிய ஆறுதல்.

கொட்டகையில் பார்க்க வேண்டியவை

விலை பேசுவதற்கு முன் இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி வேலை முடிந்தது. சிலிண்டர் ஹெட்டில் வால்வைத் தூக்கிப் பிடிக்கும் சின்ன லீவர் இருக்கும். அதைத் தூக்கிவிட்டுச் சுற்றினால் லேசாக வர வேண்டும், விட்டுவிட்டுச் சுற்றினால் முரண்டு பிடிக்க வேண்டும். அந்த முரண்டுதான் கம்ப்ரஷன். அடியில் உள்ள ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கவலையில்லை. மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, உள்ளே துரு இருக்கும். வார்ப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள், முக்கியமாகத் தண்ணீர் நிற்கும் இடங்களில். ஃப்ளைவீல் ஷாஃப்ட்டில் ஆடுகிறதா, அதை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் சாவி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்யூல் பம்ப் இருக்கிறதா? கொட்டகையில் சும்மா நிற்கும் இன்ஜினிலிருந்து முதலில் காணாமல் போவது அதுதான். பித்தளைப் பாகங்களும் அப்படியே.

பெயர்த் தகடு இருந்தால் அதைப் பொக்கிஷமாக நினையுங்கள். கம்பெனி, குதிரைத் திறன், சுற்று வேகம், வரிசை எண் எல்லாம் அதில்தான் இருக்கும். அதைப் பளபளக்கத் தேய்க்க வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

தகட்டில் இல்லாதது உரிமையாளரின் நினைவில் இருக்கும். எந்த வருஷம் வாங்கினார்கள், எந்தக் கடனில், எந்தெந்தக் கிணற்றில் ஓடியது, யார் ரிப்பேர் பார்த்தார்? இந்த இன்ஜின்கள் தண்ணீர் மட்டும் இறைக்கவில்லை. மார்கழி முடிந்ததும் கரும்பு ஆலையில் வெல்லத்துக்குச் சாறு பிழிந்திருக்கும். திருவிழாவில் டைனமோ ஓட்டி சீரியல் விளக்கு எரித்திருக்கும். டூரிங் கொட்டாயில் திரைக்குப் பின்னால் நின்று படம் காட்டியிருக்கும். வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே அவர் வாயால் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வாங்கும் தொகைக்கு ஒரு ரசீதும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடைக்கு என்ன விலை வருமோ அதற்குக் கொஞ்சம் மேலே கொடுங்கள். இவ்வளவு நாள் உடைக்காமல் வைத்திருந்ததற்கு அந்த மரியாதை செய்ய வேண்டும்.

இறுகிப் பிடித்துக்கொண்ட இன்ஜினை என்ன செய்வது? பிஸ்டன் ரிங்கும் லைனரும் துருவால் ஒட்டிக்கொண்டு, ஃப்ளைவீல் அசையவே அசையாது. பலரும் இங்கேதான் கைவிடுகிறார்கள். திருப்புட்குழித் தாயார் சந்நிதியில் வறுத்த பயறு முளைவிடும் என்று நம்பிக் குழந்தை வரம் கேட்டு வருகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்த ஊர்க்காரருக்கு, செத்த இன்ஜினும் பிழைக்கும் என்று நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாசிலைக் கழற்றி அந்தத் துவாரம் வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிடுங்கள். ஒரு நாளில் விடாது. ஒரு வாரம், தேவைப்பட்டால் ஒரு மாதம். இடையிடையே ஃப்ளைவீலைக் கையால் இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். ஃப்ளைவீலின் ஆரங்களுக்குள் கடப்பாரையை விட்டு நெம்பவே கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, ஒடிந்துவிடும். ஊறியும் வரவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் கட்டையை வைத்து, கட்டையின்மேல் பதமாகத் தட்ட வேண்டும். இரும்பால் நேராக அடிக்கக் கூடாது.

பிரிப்பதும் பூட்டுவதும்

ஸ்பேனர் எடுப்பதற்கு முன் ஒரு விஷயம். பிரிட்டிஷ் வடிவத்தைப் பின்பற்றிய பழைய இன்ஜின்களில் விட்வர்த் மரைகள் இருக்கும். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் ஏறக்குறையப் பொருந்துவதுபோல் இருக்கும். அந்த 'ஏறக்குறைய'தான் நட்டின் ஆறு மூலையையும் வழித்துவிடும். பழைய விட்வர்த் ஸ்பேனர் செட் ஒன்றைத் தேடி வாங்குங்கள். சென்னையில் புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். ஒரு பாகத்தின் போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மேலே எழுதி ஒட்டுங்கள். பழைய ஃபிட்டர்கள் இதெல்லாம் இல்லாமலேயே வேலை செய்தார்கள் என்பது உண்மைதான். அவர்கள் ஒரே வகை இன்ஜினை ஆயுள் முழுவதும் பார்த்தவர்கள்.

பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவலாம். கழுவிய எண்ணெயையும் அடியில் வடித்த பழைய ஆயிலையும் கிணற்று ஓரம் ஊற்றிவிடாதீர்கள். எந்தக் கிணற்றுக்காக அந்த இன்ஜின் உழைத்ததோ அந்தக் கிணற்றைக் கெடுக்கலாமா? ஒரு டின்னில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கிறவரிடம் கொடுங்கள்.

வால்வு இரண்டையும் கிரைண்டிங் பேஸ்ட் வைத்துக் கையாலேயே தேய்த்து அதன் சீட்டில் உட்காரவைக்கலாம். வால்வின் விளிம்பிலும் சீட்டிலும் அறுபடாத ஒரு சாம்பல் வளையம் தெரிய வேண்டும். தெரிந்த பிறகும் தேய்ப்பது வீண். உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்க, ஹெட்டைக் கவிழ்த்து வால்வின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். அடியில் கசியக் கூடாது. இந்த வேலையைச் செய்யும்போதுதான் இன்ஜின் ஒரு மர்மம் என்ற எண்ணம் முதன்முதலில் விலகும். காற்றை அடைத்துவைப்பதற்காக எவ்வளவு பாடு பட்டிருக்கிறார்கள் என்று புரியும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது எழும் சூட்டிலேயே எண்ணெய் தீப்பிடிக்கிறது. கசிவு இருந்தால் சூடு இல்லை, சூடு இல்லையென்றால் உயிர் இல்லை.

லைனர் தேய்மானத்தை லேத் பட்டறையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். விரலால் தடவி முடிவு செய்ய வேண்டாம். ரிங் மாற்றுவதா, லைனரும் பிஸ்டனுமே மாற்றுவதா என்பதை அந்த அளவு சொல்லும். என் கருத்து, ஓடக்கூடிய பழைய பாகத்தை ஒருபோதும் தூக்கிப் போடக் கூடாது. காட்சிக்கு மாதம் அரை மணி நேரம் ஓடப்போகிற இன்ஜினுக்குக் கொஞ்சம் தேய்ந்த பிஸ்டன் போதும். நாள் முழுக்க நீர் இறைக்கப் போவதில்லை.

நாசிலையும் ஃப்யூல் பம்பையும் மட்டும் நீங்களாகப் பிரிக்காதீர்கள். மயிரிழையிலும் குறைவான இடைவெளியில் பொருந்தியவை அவை. டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் கடையில் கொடுத்து, நாசில் புகைபோல் சீராகப் பீய்ச்சுகிறதா, சொட்டுகிறதா என்று சோதித்து வாங்குங்கள். பீய்ச்சும்போது முன்னால் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெயின்ட் பற்றி ஒரு சண்டை எப்போதும் உண்டு. புதுசுபோல் பச்சையும் நீலமும் அடித்து, எழுத்துக்குத் தங்க வண்ணம் தீட்டி நிறுத்துகிறவர்கள் ஒரு பக்கம். நான் மறுபக்கம். கைப்பிடி சுற்றிச் சுற்றித் தேய்ந்த இடம், பெல்ட் உரசிய தழும்பு, ஆயுதபூஜைக்கு வைத்த குங்குமம் இறங்கிய கறை, இவையெல்லாம் அந்த இன்ஜின் உழைத்ததற்குச் சாட்சி. துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்தால் போதும். பெயின்ட்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். சுரண்டிய தழும்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

முதல் சத்தம்

ஸ்டார்ட் செய்யும் நாள் அவசரப்படக் கூடாத நாள். வேட்டியும் துண்டும் வேண்டாம். பெல்ட்டிலும் ஃப்ளைவீலிலும் துணி சிக்கி உயிரே போன வீடுகள் நம் கிராமங்களில் உண்டு. இறுக்கமான கால்சட்டை, மூடிய செருப்பு. சிறுவர்கள் தள்ளி நிற்கட்டும். சுவர் மூடிய அறையில் ஓட்டாதீர்கள், திறந்த வெளியில் ஓட்டுங்கள். இன்ஜினை ஒரு கனமான சட்டத்திலோ சிமென்ட் திட்டிலோ போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். தரையில் சும்மா வைத்தால் குதித்துக் குதித்து நகரும்.

கிணற்றில் ஓடியபோது பம்பு வெளியேற்றும் தண்ணீரில் ஒரு சின்ன பைப் பிரிந்து வந்து இன்ஜினைக் குளிரவைத்துவிட்டுப் போகும். இப்போது கிணறு இல்லை என்றால் இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை இன்ஜினைவிடச் சற்று உயரத்தில் வைத்து, அடியிலிருந்து ஒரு குழாய் உள்ளேயும், மேலே ஒரு குழாய் வெளியேயுமாக இணைத்துவிடுங்கள். சூடான தண்ணீர் தானே மேலேறும், குளிர்ந்தது தானே கீழிறங்கும். தனியாகப் பம்பு தேவையில்லை.

டேங்கில் டீசல் ஊற்றியதும் ஏர் லாக் எடுக்க வேண்டும். பைப்பின் நட்டைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு, இறுக்குங்கள். பிறகு கையால் சுற்றும்போது நாசிலில் 'கிர்ர்ரிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்டால் எண்ணெய் சரியாகப் போகிறது. வால்வு லீவரைத் தூக்கிவிட்டு, கைப்பிடியைச் சுற்றி வேகம் ஏற்றுங்கள். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் உதறினால் கட்டைவிரல் முறியாது. நல்ல வேகம் வந்ததும் லீவரை விட்டுவிட வேண்டும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் கைப்பிடி தானே கழன்று வரும். ஷாஃப்ட் நுனியில் துரு இருந்தால் கழலாமல் சேர்ந்தே சுற்றும். அப்போது பிடித்து நிறுத்தப் பார்க்காமல் விட்டுவிட்டு விலகுங்கள். அதனால்தான் அந்த நுனியை முன்னாலேயே வழவழவென்று தேய்த்து கிரீஸ் போட்டுவைக்கச் சொல்வது.

இன்னொரு ஆபத்து, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சிக்கிக்கொண்டு இன்ஜின் கட்டுக்கு மீறி ஓடுவது. அதற்குத் தயாராக, காற்று இழுக்கும் வாயை மூட ஒரு பலகையைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். டீசலை நிறுத்தியும் நிற்காத இன்ஜின் காற்றில்லாமல் நிற்கும். துணியை வைத்து அடைக்க வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃப்ளைவீல் சுழலும் நேர்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம்.

முதல் புகை வெள்ளையாக வரும். இன்ஜின் சூடேறச் சூடேற அது மெலிந்து மறைய வேண்டும். நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது, ரிங்கைப் பாருங்கள். கரும்புகை என்றால் எண்ணெய் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. இதையெல்லாம் புகையின் நிறத்தையும் சத்தத்தையும் வைத்தே தெருமுனையிலிருந்து சொல்லிவிடும் ஃபிட்டர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பம்பின் உறிஞ்சு குழாய் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிந்தால் சாணியைக் கரைத்து ஊற்றி அடைத்து, அந்தப் போகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள். போர்க்காலத் தடையில் பெட்ரோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், சில சொட்டுப் பெட்ரோலில் உயிர் கொடுத்துப் பிறகு மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய கைகளும் இதே பள்ளியைச் சேர்ந்தவை. அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டியவர்கள், வேலை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள். உங்கள் இன்ஜினைத் திறக்கும் நாளில் அவர்களில் ஒருவரை அழைத்து நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். கூலி கொடுங்கள். கேள்வி கேளுங்கள், வீடியோ எடுங்கள். பக்கத்து ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கும் பையன்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பெரியவர் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நீங்கள் கேட்காததையும் சொல்வார்.

ஓடத் தொடங்கிய இன்ஜினைப் பேணுவது எளிது. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். சும்மா ஓட்டாமல் ஒரு பம்பையோ டைனமோவையோ மாட்டிச் சுமையோடு ஓட்டினால் கரி சேராது. மழைக்காலத்துக்கு முன் டிரம் தண்ணீரை வடித்துவிடுங்கள், சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துவையுங்கள். அதை மறந்தால் ஒரே மழையில் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கி, ஊறவைத்த வேலையெல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இரண்டாவது இன்ஜினை வாங்குவதற்கு முதலாவது ஓடும்வரை பொறுத்திருங்கள். அதுவரை எங்காவது கொட்டகையில் இன்னொன்றைப் பார்த்தால், உரிமையாளரிடம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்: "எடைக்குப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்கண்ணா."